முப்பது வினாடியில் ஒன்பது பேர்

சேலத்து ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் செல்லியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருச்செங்கோட்டில் அவள் நடத்தும் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் தகரக் கூரையை ஆடிக்காற்று பிய்த்துப் போட்டுவிட்டது. ஐப்பசி மழைக்குள் வேறு கூரை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பதினாலு பிள்ளைகளும் நனைய வேண்டியதுதான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்கு லாரிகளின் முதலாளி அப்புசாமி கமிட்டி ஒன்றைக் கூட்டினார். ரேடியோவில் விளம்பரம் கொடுத்தால் நிதி கொட்டும் என்றார். கிடைத்தது முப்பது வினாடி.

கூரை போச்சு, பிள்ளைகள் நனையும், இன்ன தெருவில் இருக்கிறோம், உதவுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதானே! ஆனால் கமிட்டிக்காரர்கள் கோயில் திருவிழா மைக்கில் பேர் கேட்டே வளர்ந்தவர்கள். பேர் வாசிக்காவிட்டால் அது தர்மமா? ஒன்பது பேருக்கும் பேர் வர வேண்டும், பேருக்கு முன்னால் பட்டமும் வர வேண்டும்.

"எனக்குக் கொடைவள்ளல்னு போடோணுமுங்க" என்றார் நூல் வியாபாரி மருதாசலம். அந்த மகராசன் இதுவரை ஒரு தகரம் கொடுத்தவரில்லை.

ஒலிப்பதிவுக்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "நேரம் பத்தாது. எதையாவது எடுத்துடுங்க."

கூரையை எடுத்தார்கள். பிறகு மழையை எடுத்தார்கள். கடைசியில் இல்லத்தின் விலாசத்தையும் எடுத்தார்கள்.

"ஏனுங்க, விலாசமில்லாம சனங்க எங்கீங்க வருவாங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"நம்ம ஊட்டு விலாசம் வருதே அம்மிணி, அது போதும்" என்றார் அப்புசாமி.

தூ! இந்தப் புத்திக்கு மைக் வேறு ஒரு கேடு.

ஒன்பது பேரும் முழங்கி முடித்தபின் விளம்பரம் இப்படி முடிந்தது: "ஆதரவற்ற குழந்தைகளுக்கு அப்புசாமி, மாடி வீடு, சங்ககிரி ரோடு, திருச்செங்கோடு."

பத்து நாள் ஓடியது. கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். மாடி வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பெரிய மனுசருக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள். கூரைக்கென்று ஒரு ஆணிகூட வரவில்லை.

ஐப்பசி பிறந்த இரண்டாம் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. செல்லியம்மாள் பதினாலு பிள்ளைகளையும் பாய், தட்டு, சோற்றுக் குண்டாவோடு நடத்திக்கொண்டு போய் மாடி வீட்டுக் கேட்டைத் திறந்தாள். புதுசாகப் போட்ட மொசைக் தரை முழுக்கச் சேற்றுக் கால்கள்.

அப்புசாமி பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன அம்மிணி இது? இத்தனையும் இங்க எதுக்கு?"

"நாங்களா வரலீங்க. ஆதரவில்லாத கொழந்தைங்களுக்கு அப்புசாமி, மாடி ஊடுன்னு பத்து நாளா ரேடியோவுல நீங்கதானுங்க சொன்னீங்க."

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"பாயை விரிங்க, சாமி."