பீரோவுக்குள் வைஃபை

செயலாளருக்கு உலகத்தில் தெரியாத விஷயமே கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். குடியிருப்போர் சங்கத்தில் அந்தப் பதவியை யாரும் சீந்தாததால் அவருக்குக் கிடைத்தது. அவரோ அதைத் தன் செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டு, குளிக்கப் போகும்போதும் செயலாளராகவே போனார். கூடவே அவர் மனைவிக்கும் ஒரு பட்டம் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சரக்கு அனுப்பும் பிரிவையே கட்டி ஆண்டவள், இப்போது அந்தக் கட்டடம் முழுக்க வெறும் 'செயலாளர் வீட்டம்மா'.

அந்தப் பட்டத்தை உதறித் தள்ள இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. பழைய தோழி ஒருத்தி சொல்லி, வேறொரு கம்பெனி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீடியோவில். இந்த வேலை கிடைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட அளவுக்கு அவள் வேறு எதற்குமே ஆசைப்பட்டதில்லை. குறுக்கே நின்றது ஒரு பீரோ.

கதை வைஃபை வந்த அன்றே தொடங்கிவிட்டது. செயலாளர் தன் செல்போனைத் திறந்து பார்த்தார். அவர் வீட்டு வைஃபையின் பெயருக்குக் கீழே இன்னும் ஏழெட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன.

"பாத்தியா! வந்து ஒரு மணி நேரம் ஆகல, நம்ம வைஃபைக்குள்ள எத்தனை பேர் புகுந்துட்டானுங்க பாரு!"

"ஏங்க, அது நம்ம வைஃபைல இருக்கிறவங்க இல்ல. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைங்க. அவங்க ரூட்டரோட சிக்னல் இங்க வரைக்கும் எட்டுது, அதனால போன் பேரைக் காட்டுது. பக்கத்துலயே பூட்டுப் படம் இருக்கு பாருங்க. பாஸ்வேர்ட் தெரிஞ்சாத்தான் உள்ள போக முடியும். தெருவுல போனா வாசலுக்கு வாசல் பேர்ப் பலகை தெரியுது, அதுக்காக அவங்க எல்லாரும் நம்ம வீட்லயா இருக்காங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

இந்த வாக்கியம் மட்டும் இல்லையென்றால் மனிதர் எப்போதோ ஊமையாகியிருப்பார்.

இணைப்பு கொடுக்க வந்த ஆள், ரூட்டரைக் கூடத்தின் நடுவில், கொஞ்சம் உயரமாக, நாலா பக்கமும் திறந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கண்ணில் படும்படி வைத்தால் திருடாமல் கும்பிடுவானா என்று கேட்டார் செயலாளர். படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டு, நகைப்பெட்டிக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில் ரூட்டரை உட்காரவைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது.

இரும்புப் பெட்டிக்குள் அடைத்தால் சிக்னல் எப்படி வெளியே வரும்? கூடத்தில் வைஃபை ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கியது. சமையலறையில் அதுவும் இல்லை. "பாரு, எப்படி உறிஞ்சுறானுங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பீரோவுக்கு இன்னொரு பூட்டு வாங்கிவந்தார் செயலாளர். வாரத்துக்கு ஒரு புது பாஸ்வேர்ட் வைத்தார். அவள் போனைக் கையில் வாங்கி, அவளுக்கே முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அதைத் தட்டித் தருவார். வீட்டிலேயே வைஃபை இருக்கும்போது உனக்குத் தனியாக எதற்கு என்று அவள் போனுக்கு டேட்டா போடுவதையும் நிறுத்தினார். திருடர்கள் பயப்படட்டும் என்று வைஃபைக்கு 'போலீஸ் கேமரா' என்று பெயர் வைத்தார். இப்படி ஒரு அறிவைக் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடும் நிற்கவில்லை. சங்கக் கூட்டம் போட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, ரூட்டரைப் பீரோவில் பூட்டிவைத்த பெருமையைச் சொல்லிவிட்டு, போனில் இருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்தார். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சரின் பெயர் வந்ததும் குரலை உயர்த்தி, "பாட்டு சொல்லிக்குடுக்கறவங்க பண்ற வேலையா இது?" என்றார். சிரிப்பை அடக்க எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குற்ற உணர்ச்சியில் குனிகிறார்கள் என்று செயலாளர் பூரித்துப்போனார். கடைசி வரிசையில் அவர் மனைவி கூனிக் குறுகி நின்றாள்.

வியாழக்கிழமை வந்தது. நேர்காணல் முடியும்வரை பீரோவைத் திறந்து வைக்கும்படி இரண்டு நாளாகக் கெஞ்சி ஒப்புதல் வாங்கியிருந்தாள். பீரோ கதவைத் திறந்து, அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு, மடிக்கணினியோடு தயாராக உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் போனைப் பார்த்து அலறினார். பட்டியலில் ஒரு புதுப் பெயர். ஆங்கில எழுத்துகளில் அழகான தமிழ்: 'உங்க பீரோவுக்குள்ள இருக்கேன்'.

ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பத்திரத்தை உதறிப் பார்த்தார். பிறகு பீரோவை இரண்டு பூட்டும் போட்டுப் பூட்டிவிட்டு, வாட்ச்மேனைத் தேடி ஓடினார்.

"ஏங்க, எனக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ!"

"திருடன் பீரோ வரைக்கும் வந்துட்டான்கிறேன், உனக்கு இன்டர்வியூ கேக்குதா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பீரோவை ஓங்கி ஓர் உதை விட்டாள். கால் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதற்கும் சேர்த்து அவரைத் திட்டிவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பாட்டு டீச்சர் கதவைத் திறந்தாள்.

"டீச்சர், கேக்கவே கூச்சமா இருக்கு. அரை மணி நேரம் உங்க வைஃபை வேணும். ஒரு வேலைக்கான இன்டர்வியூ."

"ஐயோ, வாங்கக்கா, இதுல என்ன கூச்சம்?" என்று உள்ளே இழுத்துப்போன டீச்சர், அவள் மடிக்கணினியைத் திறந்ததும் நெளிந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பேரை நான்தான் வச்சேன். நாலு பேர் முன்னாடி என்னைத் திருடியாக்கிட்டாரேன்னு ஒரே கடுப்பு. காலையிலதான் மாத்தினேன்."

அந்தப் பெயர்தான் பட்டியலில் முதலாவதாக, சிக்னல் வளைவெல்லாம் நிறைந்து, கம்பீரமாக நின்றது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு இன்னிக்குத்தானா கை அரிக்கணும்?" என்று கேட்டபடி டீச்சர் சொன்ன பாஸ்வேர்டைத் தட்டினாள்.

திரையில் மூன்று பேர் தோன்றினார்கள். நடுவில் இருந்த அம்மாள்தான் மேலாளர்.

"துறைமுகத்துல ஒரே ஒரு கன்டெய்னர் சரக்குதான் இருக்கு. ரெண்டு கஸ்டமர் கேக்கறாங்க. முதல்ல யாருக்கு போன் பண்ணுவீங்க?"

"யாருக்குக் கிடைக்காதோ அவங்களுக்கு மேடம். கிடைக்கப்போறவர் காத்திருப்பார். கிடைக்காதவர் அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணியாகணும்."

அந்த அம்மாள் தலையாட்டினாள். அந்த நேரம் வெளியே நடையில் செயலாளரின் குரல் இடித்தது. "உள்ள இருக்கேன்னு எழுதியே போட்டிருக்கான்யா! நீ கேட்ல தூங்கிட்டா இருந்த?"

"என்ன அங்க சத்தம்?" என்று கேட்டாள் மேலாளர்.

"பக்கத்து வீட்டு ஆள், மேடம். எப்பவும் இப்படித்தான்," என்றாள். கட்டின புருஷனை இப்படிச் சொல்கிறோமே என்று துளிகூட உறுத்தவில்லை.

இன்னும் பத்துக் கேள்விக்குப் பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "திங்கக்கிழமையே சேந்துடுங்க. வாரத்துல பாதி நாள் வீட்லருந்தே வேலை பாக்கலாம், உங்க வசதி."

"இல்ல மேடம்," என்றாள் சட்டென்று. "நான் தினமும் ஆபீசுக்கே வந்துடறேன்."

பாட்டு டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியபோது, பீரோவில் இருந்ததையெல்லாம் தரையில் பரப்பிவைத்து நடுவில் உட்கார்ந்திருந்தார் செயலாளர்.

"எங்க போயிருந்த?"

"எதிர்வீட்டுக்கு. அவங்க வைஃபைலதான் பேசினேன்."

"நல்லா வந்துச்சா?"

"ரொம்பத் தெளிவா வந்துச்சு."

"வராம என்ன? எல்லாம் நம்மளுதுதானே!"

அடுத்த கேள்விக்காக அவள் நின்றாள். மனிதர் நகைப்பெட்டியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். சாப்பிடும்போது கேட்பார் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை கேட்பார் என்று நினைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் ஆள் வைத்துப் பீரோவுக்கு மூன்றாவது பூட்டு மாட்டினார். அதற்குப் பிறகு அவள் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, தோளில் பையோடு அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் செயலாளர் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலைக்கு."

"வேலை கிடைச்சிடுச்சா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."