பியாட்ரிஸ் வைத்த குழம்பு

சுவிசேஷமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. உதகை மார்க்கெட்டில் கேரட் மூட்டை சுமப்பவர். மாலை ஆறு மணிக்கு முன்பே தம் அறைக்குத் திரும்பிவிடுவார். யாரோ தலைகளை எண்ணிச் செல்வதற்காகக் காத்திருப்பவரைப்போலப் பாயின்மீது சம்மணமிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருப்பார். உண்பதற்கு முன் தட்டை இருமுறை கழுவுவார். பதினோராண்டுச் சிறைவாசம் விட்டுச்சென்ற பழக்கங்கள் அவை.

மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று, திருச்சபையின் சிறை ஊழியக் குழுவினருடன் கீழே சமவெளியிலுள்ள மத்தியச் சிறைக்குச் செல்வார். விடுதலைக்குக் காத்திருப்போரிடம், முன்பு உள்ளே கிடந்து வெளியே வந்த ஒருவர் பேசினால்தான் எடுபடும் என்பது குழுவினரின் எண்ணம். ஊரில் எந்த நேரத்தில் சென்று இறங்குவது, காவல் நிலையத்தில் எவ்வாறு பேசுவது, வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு எத்தனை அடி பின்வாங்கி நிற்பது என்றெல்லாம் அவர் சொல்லிக்கொடுப்பார்.

மூன்றாண்டுகளுக்கு முன், முதல் கூட்டத்திலேயே ஒருவன் கேட்டான்: "அண்ணே, அண்ணி கதவத் தொறந்தாங்களா?"

உண்மையில் அவர் மனைவி பியாட்ரிஸ் கதவைப் பாதிதான் திறந்தாள். அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழையும் பழைய ஸ்வெட்டரையும் ஒரு பையில் இட்டு நீட்டினாள், கதவை மூடிக்கொண்டாள். ஆயினும், தம்மை நோக்கியிருந்த பன்னிரண்டு முகங்களைக் கண்டு, "தொறந்தா. டீ போட்டுக் குடுத்தா" என்று கூறிவிட்டார். அன்றுமுதல் அவ்வீட்டுச் சமையலை விசாரிப்பது அங்கே வழக்கமாயிற்று. அவரும் மாதம் ஒரு குழம்பு வைத்தார்.

இம்முறை அவரிடம் ஒரு செய்தி இருந்தது. கைதிகளுள் ஒருவனான பாண்டியராஜ் வரும் திங்கட்கிழமை விடுதலையாகிறான். அவன் மனைவி மாலதி ஓவேலியில் தேயிலை பறிக்கிறாள். அவளைக் கண்டு பேசி வரும்படி குழு இவரை அனுப்பியிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கான லைன் வீட்டு வாசலிலேயே நின்று அவள் சொன்னாள்:

"ஏனுங்க, புள்ளையக் கட்டிக் குடுத்த எடத்துல அப்பன் செத்துட்டான்னு சொல்லி வெச்சிருக்கறேன். செத்தவன் எப்படீங்க பஸ்ஸுல வந்து எறங்குவான்? வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

சிறைக் கூட்டத்தில் இதைச் சொல்லச் சுவிசேஷமுத்து வாயெடுப்பதற்குள் வடிவேல் என்னும் கைதி முந்திக்கொண்டான்.

"அண்ணே, ஊட்டுல இந்த மாசம் என்னங்க கொழம்பு? போன மாசக் கருவாட்டுக்கே எங்காளுங்க ரெண்டு நாளு தூங்கலீங்க!"

எல்லாரும் சிரித்தனர். பாண்டியராஜ் எழுந்து நின்றான்.

"ஒரு சங்கதிங்கண்ணே. வெளிய போறவங்க தங்கற இல்லத்துல எனக்குச் சொல்லி வெச்ச கட்டில, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். எங்கூட இருந்த ராசுவுக்கு ஆருமில்லீங்க, அவனுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன்; நேத்தே விடுதலையாகி அங்க போயிட்டான். பதினோரு வருசங் கழிச்சு உங்களுக்கே அண்ணி சோறு போட்டிருக்காங்க. நா ஒம்பதுதானுங்களே."

சுவிசேஷமுத்து, குழுவை நடத்தும் ஆன்சியைப் பார்த்தார்.

"வேற கட்டில் இல்லீங்க. ஜூன் வரைக்கும் நெறஞ்சிருச்சு" என்றாள் அவள் மெல்ல.

"உக்காரு பாண்டி."

"சொல்லுங்கண்ணே."

"எங்கூட்டுக் கதவு தொறக்கலப்பா. நா மார்க்கெட்டுக்குப் பொறத்தால ஒரு ரூம்புல தனியாத்தான் கெடக்கறேன். மாலதியும் வர வேண்டாம்னுட்டா."

பாண்டியராஜ் நின்றபடியே இருந்தான்.

"அப்ப அந்தக் கருவாடு?" என்றான் வடிவேல்.

"மெஸ்ஸுல தின்னது."

பாண்டியராஜின் குரல் உயரவில்லை. "கட்டிலக் குடுக்கறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாமுங்களே. திங்கக்கெழம நா எங்கீங்க போறது?"

அவனைத் தம் அறைக்கு அழைக்கவும் சுவிசேஷமுத்துவால் இயலவில்லை. அறைக்கு உரியவர், இவருடைய பழைய கதை தெரியாமலேதான் இவரை வைத்திருந்தார். புதிதாக ஒருவன் வந்தால் விசாரிப்பார். விசாரித்தால் இருவருக்கும் இடமிராது.

"தெரியலப்பா" என்றார். "அன்னிக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு எறங்கி வந்து செயில் கேட்டுக்கு வெளிய நிக்கறேன்."