தியாகராஜாவின் நித்திரையும் கரவன் சங்கமும்

தியாகராஜா ஏழு வருடமும் ஒன்பது மாதமும் நித்திரை கொண்டார். அந்தக் காலத்துக்குள் கிழக்கு லண்டன் தமிழர் கரவன் உரிமையாளர் சங்கம் அவரை அவருடைய கரவனோடு, காரின் பின்னால் கொளுவி இழுக்கும் அந்தச் சக்கர வீட்டோடு, சேர்த்து இருபத்துமூன்று தடவை கிளாக்டன் கடற்கரைக்கு இழுத்துப்போய், இருபத்துமூன்று தடவை திரும்ப இழுத்து வந்தது. ஆளை உள்ளே வைத்துக்கொண்டு கரவனை இழுப்பது அந்த நாட்டில் குற்றம். ஆனால் சட்டம் எழுதியவர்கள் விழித்திருக்கும் ஆட்களை நினைத்தே எழுதியிருப்பார்கள் என்று சங்கத் தலைவர் சிவானந்தன் கருதினார். பொலிஸ்காரர் எவரும் நிறுத்திக் கேட்கவும் இல்லை.

சங்கம் 1984இல் அப்டன் பார்க்கில், ஒரு மீன்கடையின் மேல்மாடியில், ஏழு பேரோடு தொடங்கியது. உல்லாசத்துக்காகத் தொடங்கியதல்ல. குழந்தை அழுகிறது, ஊரிலிருந்து தம்பி வந்து நிற்கிறான், கறி மணக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி வீட்டுக்காரர்கள் அறையை விட்டு எழுப்பிய காலம் அது. கார் திருத்தும் வேலை செய்த சிவானந்தன் எசெக்ஸில் ஒரு பழைய சாமான் முற்றத்தில் கிடந்த, கூரை ஒழுகும் கரவன் ஒன்றை வாங்கி, ஒழுக்கை அடைத்து, மனைவியோடு ஒரு மாரி முழுவதும் அதற்குள் இருந்தார். எழும்பு என்று எவனாவது சொன்னால் வீட்டையும் கொண்டே எழும்பலாம் என்று அவர் சொன்ன பேச்சு மற்ற ஆறு பேருக்கும் பிடித்துப்போக, அவர்களும் ஆளுக்கொரு கரவன் வாங்கினார்கள். பிறகு எல்லோருக்கும் ஒருவாறு வீடுகள் கிடைத்தன. சிவானந்தனே ஹரோவில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு ஒன்று வாங்கிப் போய்விட்டார். ஆனாலும் கரவன்களை விற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வங்கி விடுமுறை வரும்போதெல்லாம் ஏழு கரவன்களும் வரிசையாகக் கிளாக்டனுக்குப் போய், இசபெல் என்ற வெள்ளைக்கார விதவையின் புல்வெளியில் நின்றன. போனவர்கள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தார்கள். பெற்றோல் ஷெட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பிஸ்கட் தொழிற்சாலையிலும் ஷிப்ட் அடித்த களையில் மூன்று நாளும் படுத்துக் கிடந்து, திங்கட்கிழமை பின்னேரம் கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு வீடு திரும்பினார்கள். முதல் வருடம் இசபெல் கதவுகளைத் தட்டி, ஏதாவது நோயா என்று விசாரித்தாள். “டயர்ட், மேடம்” என்றார் சிவானந்தன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தன் நாயையும் அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்த ஏழு பேரில் ஒருவரான தியாகராஜா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். லண்டனில் பகலில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றினார், இரவில் பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். ஆறு வருடமாக ஒரு நாளில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் அவர் சரிந்தது கிடையாது. மனைவி இம்மாகுலேற் குருநகர்க் கத்தோலிக்கப் பெண். வீட்டை எதிர்த்துக் கலியாணம் செய்தவள், விடிய அலுவலகங்களில் தரை துடைத்தாள், மத்தியானம் பள்ளிக்கூடமொன்றில் சாப்பாடு பரிமாறினாள். 1987 ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் திகதி சனிக்கிழமை மத்தியானம், கிளாக்டனில், தியாகராஜா சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காகச் சோடியாக வைத்தார். “ஒரு கண் அயர்ந்திட்டு வாறன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவம்” என்றார். திங்கட்கிழமை மற்றவர்கள் புறப்படுவதற்காகக் கரவன்களைத் தாங்கிநின்ற கால்களை மடக்கும்வரை அவர் எழும்பவில்லை. பாவம், இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்று அப்படியே இழுத்து வந்தார்கள்.

இம்மாகுலேற் முதலில் கோபப்பட்டாள். பிறகு பயந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். சிவானந்தன் ஹரோவிலிருந்த சேஷாத்ரி என்ற இந்திய டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் நாடி பார்த்து, கண்மடலைத் தூக்கிப் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா. தூங்குறார். நல்லா தூங்குறார்” என்றார். குழாயைச் சுருட்டும்போது அவருடைய குரலில் பொறாமை இருந்ததை இம்மாகுலேற் கவனித்தாள்.

அப்டன் பார்க் வீதியில் கரவன் நிற்கக்கூடாது என்று கவுன்சில் கடிதம் போட்டது. ஆகவே தியாகராஜா ஹரோவுக்கு, சிவானந்தனின் வீட்டு முற்றத்துக்குப் போனார். அந்த ஒக்டோபரில் பெரும்புயல் அடித்து ஹரோ முழுவதும் மரங்கள் விழுந்தபோதும் கரவனின் திரைச்சீலைகூட அசையவில்லை. அவர் சாப்பிடவில்லை, மெலியவுமில்லை. தாடி வளரவில்லை. நகம் மட்டும் வளர்ந்தது. ஷிப்ட் மாறும் நேரங்களில் புரண்டு படுத்தார். சிலசமயம் தெளிவான ஆங்கிலத்தில், “நாலாம் நம்பர் பம்ப்பா, சேர்?” என்று கேட்டார். இம்மாகுலேற் கிழமையில் நாலு நாள் வேலை முடிந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி, மெற்றோபொலிற்றன் லைனுக்கு மாறிப் போய், அவருக்கு முகம் துடைத்து, நகம் வெட்டி, காற்றுப்போக யன்னலைத் திறந்து மூடிவிட்டு வந்தாள். சனிக்கிழமைகளில் மகள் அருள்மலரை ஹரோவிலேயே தமிழ் வகுப்பில் விட்டாள். அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் அலுவலகத்தில் கணவர் இறந்தவரா, பிரிந்தவரா, வேலை செய்பவரா என்று கேட்டார்கள். நித்திரை என்றாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாதபடியால், உத்தியோகத்தர் ஒரு பெருமூச்சோடு ‘வேறு’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார்.

மறு வருடம் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்குப் போனபோதுதான் அவருடைய நித்திரை பரவுகிறது என்பது தெரியவந்தது. அவருடைய கரவனிலிருந்து அறுபது அடி தூரத்துக்குள் யார் சரிந்தாலும் அடுத்த நிமிடமே உறங்கிப்போனார்கள். கனவில்லாத உறக்கம். ஊரில் காணாமற்போன தம்பியை நினைத்து நாலு வருடமாகக் கண்மூடாத ஒரு மனுசன், அங்கே புல்லில் பாயைப் போட்டுப் பதினாறு மணித்தியாலம் படுத்தான். கதை பரவ, சங்கத்துக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1990இல் உறுப்பினர் தொகை நாற்பதைத் தாண்டியது. கரவன் இல்லாதவர்களும் கூடாரத்தோடு வந்தார்கள். சேஷாத்ரி டாக்டரும் மனைவி வேதவல்லியோடு வந்தார். இந்தியாக்காரரைச் சேர்க்கலாமா என்று எழுந்த கேள்வி, அவர் புல்வெளியில் குப்புற விழுந்து குறட்டை விடத் தொடங்கியதும் அடங்கிவிட்டது. கரவன்கள் வட்டமாக நிற்கும், நடுவில் தியாகராஜா இருப்பார். அப்படியே ஒரு விதியும் எழுதப்பட்டது.

அந்த வட்டத்துக்குள் நித்திரை வராத ஒரே ஆள் இம்மாகுலேற். பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்தாள், வாங்குப் பலகையில் படுத்துப் பார்த்தாள். கண்ணை மூடினால் அடுப்பின் காஸ் மூடினேனா, பிள்ளையின் இருமல் நின்றதா, செவ்வாய் விடிய எந்த பஸ் என்று வந்துகொண்டேயிருக்கும். நாற்பது பேர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் பகல் முழுவதும் முழித்திருந்தாள். எழும்புகிறவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தவளும் அவளே. வருடங்கள் போயின. ஊருக்கு வந்திருந்த இந்திய இராணுவம் திரும்பிப் போனது. குருநகரில் அவளுடைய தாய் செத்த செய்தி, அடக்கம் முடிந்து ஐந்து கிழமைக்குப் பிறகு கிடைத்தது. நாலாம் தடவை கார் ஓட்டும் சோதனையில் தேறி, பழைய கவலியர் கார் ஒன்றை வாங்கி, கரவனைத் தானே இழுக்கப் பழகினாள். நித்திரைக்குப் போகும்போது தியாகராஜாவுக்கு நாற்பத்தொரு வயது. நாற்பத்தொன்றிலேயே கிடந்தார். முப்பத்தேழில் இருந்தவள் அந்த வயதைத் தாண்டிப் போனாள், காதோரம் நரைத்தது. ஒருநாள் அவருக்கு முகம் துடைக்கும்போது, இவர் எனக்குத் தம்பிபோல இருக்கிறார் என்று நினைத்து, துவாயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

1992 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அவரை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்து எழுப்பிவிடச் சொல்லப்போவதாக அவள் அறிவித்தாள். மீன்கடை மேல்மாடியில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிவானந்தன் நல்ல மனுசன். அவளுடைய வீட்டுக் குழாய் உடைந்தபோதெல்லாம் ஹரோவிலிருந்து வந்து திருத்தியவர். அவர் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, குறை நினையாதையும். அவர் எழும்பினா இந்தச் சங்கத்தில ஆர் நித்திரை கொள்ளுறது?”

“அப்ப நான் எப்ப அண்ணை நித்திரை கொள்ளுறது?”

கீழே மீன் வெட்டும் சத்தம் கேட்டது. பின்வரிசையிலிருந்த தவநாயகி என்ற பெண் மட்டும், “அது நியாயமான கேள்விதானே” என்றாள். கேள்வி குறிப்பேட்டில் பதியப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த கூட்டத்துக்கும் ஒத்திவைக்கப்பட்டது. அவள் காத்திராமல் அவரைக் கொண்டுபோய் விட்ட ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வார்டில் தாதிகள்கூட நின்றபடியே உறங்குகிறார்கள், தயவுசெய்து கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

1995 மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. கிளாக்டனில் வெயில் எறித்தது. சுற்றிவர எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். பதினாலு வயது அருள்மலர் கரவன் படியிலிருந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். இம்மாகுலேற் கணவரின் வலக்கையை மடியில் வைத்து நகம் வெட்டினாள். அன்று விடிய இரண்டு அலுவலகம் துடைத்துவிட்டு வந்தவள், மோதிரவிரலை வெட்டும்போது கத்தரியைத் தவறவிட்டாள். எடுக்கக் குனியவில்லை. குனிந்தால் நிமிர ஏலாது என்று தோன்றியது. அப்படியே இருந்தாள்.

தியாகராஜா கண் திறந்தார். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உமக்கென்னப்பா இவ்வளவு களைப்பு?” என்று கேட்டார்.

இந்தக் கணத்துக்காக அவள் பல வருடம் பேச்சுகள் தயார்பண்ணி வைத்திருந்தாள். ரயிலில் இருந்து பண்ணிய பேச்சுகள், துடைப்பத்தோடு நின்று பண்ணிய பேச்சுகள். சிலவற்றில் அவள் கத்தினாள், சிலவற்றில் கட்டிப்பிடித்து அழுதாள். இப்போது தேடிப்பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஏழெட்டு வருசமாப் படுத்திட்டீங்கள்” என்றாள்.

அவர் யோசித்தார். மறுக்கவில்லை. நன்றாக உறங்கி எழுந்தவருக்கு அது உண்மை என்று உடம்பே சொல்லியிருக்கவேண்டும். “பிள்ளை எங்க?” என்றார்.

படியிலிருந்த பெண் எழும்பி வாசலை நிறைத்து நின்றாள். அவருடைய கண் அவளைத் தாண்டி, அவளுடைய இடுப்பளவு உயரத்தில், வெளியே தேடியது.

“நான்தான் அப்பா” என்றாள் அருள்மலர். பிறகு ஆங்கிலத்தில், “இட்ஸ் ஓகே” என்றாள்.

அவருக்கு வாய் கோணியது. மகளைக் கிட்ட வரச்சொல்லி, முழங்கையைத் தொட்டு, தோளைத் தொட்டு, இவ்வளவு நீளம் எப்படி வந்தது என்று அளக்கிறவர்போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வெளியே ஒவ்வொரு கரவனாகக் கதவுகள் திறந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழித்துவிட்டார்கள். சாரத்தை இறுக்கிக்கொண்டு சிவானந்தன் ஓடிவந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நாற்பது முகங்கள். சந்தோசமும் இருந்தது, இனி என்ன செய்யப்போகிறோம் என்ற கலக்கமும் இருந்தது.

“எழும்பிட்டீரே, மச்சான்!”

“ஓம். மன்னிக்கவேணும்” என்றார் தியாகராஜா.

இம்மாகுலேற் எழுந்து நின்றாள். கைப்பையிலிருந்து சாவிக்கோர்வையை எடுத்து அவருடைய மடியில் வைத்தாள். “இது வீடு. இது ரெண்டும் நான் துடைக்கிற ஒபிஸ்கள், விடிய அஞ்சு மணிக்குத் திறக்கவேணும். இவளுக்கு வியாழக்கிழமை பல் டொக்டர்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இனி எழும்புங்கோ. நான் படுக்கவேணும்.”

அவர் எழும்பினார். கட்டிலில் அவருடைய உடம்பின் பள்ளம் அப்படியே இருந்தது. ஏழெட்டு வருடத்துச் சூடு அதில் இருந்தது. அவள் பக்கவாட்டில் சரிந்து, முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்தாள். அருள்மலர் போர்வையை இழுத்துவிட்டாள். அதற்குள் வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். சிவானந்தன் அதைக் கண்டு, எல்லோரையும் கையசைத்து அவரவர் இடத்துக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை பின்னேரம் யாரோ கரவனின் கால்களை மடக்கும் சத்தம் அவளுக்கு மிகத் தூரத்தில் கேட்டது. கொளுக்கி காரில் விழும் சத்தம், மகளின் குரல், “மெதுவா ஓட்டுங்கோ அப்பா” என்பது, ஒருமுறை சீறி நின்ற எஞ்சின். கவலியரின் மூன்றாம் கியர் இலேசில் விழாது, கிளச்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். இடப்பக்க சிக்னல் எரியாவிட்டால் பின்விளக்கில் கையால் தட்டவேண்டும். இதையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு நினைவு வந்தது. எழுந்து யன்னலைத் தட்டினால் போதும்.

அதையும் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.