மைத்துனன் நிறுத்திய நான்கு தூண்கள்

1

சாப்பிடும்போது தூண்களைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று என் மனைவி இன்ஆம் சொல்லிவிட்டாள். பேச முடியாததை எழுதலாமென்று உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

முதல் வரி: 'மிஸ்பாஹ் யார் கண்ணையும் நேராகப் பார்க்காத…'

அடித்துவிட்டேன். மிஸ்பாஹ் நேராகப் பார்த்துத்தான் பேசுவான். எனக்கு அதுவே உறுத்துகிறது.

2

நடந்தது இதுதான். ஜோர்டானில், இர்பித் நகரத்தில், எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் எழும்புகின்றன. மகள் துமாதிர் குவைத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து அங்கேதான் இருக்கப் போகிறாள். கட்டுபவன் மிஸ்பாஹ், இன்ஆமின் தம்பி. தூண்களுக்குக் கம்பி கட்டி முடித்ததும் இன்ஜினியர் பார்க்க வேண்டும், அதன் பிறகே காங்கிரீட் என்று பேச்சு.

நான் ஒரு சாவுக்காகத் தலைநகர் அம்மானுக்குப் போனேன். திரும்பி வந்தபோது நான்கு தூண்களும் வார்த்து முடிந்திருந்தன. மழை வரும்போல இருந்தது, லாரியும் கிடைத்தது, அதனால் முந்திக்கொண்டேன் என்றான் மிஸ்பாஹ். மழை வரவில்லை.

முற்றத்தில் தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கவேண்டிய வளையங்கள் ஒரு கட்டு கிடந்தது. கூடுதலாக வாங்கியதாம். மறுநாள் பார்த்தால் அந்தக் கட்டைக் காணோம்.

(இன்ஜினியர் வந்து தூண்களைத் தடவிப் பார்த்தார். வெளியே குறையில்லை, உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றித் தனியாக ஒரு கதை எழுதவேண்டும்.)

3

வெள்ளிக்கிழமை எல்லோரும் மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். உள்ளே வளையம் போட்டாயா, இல்லையா?

மிஸ்பாஹ் கோப்பையைக் கீழே வைத்தான். "இத அக்கா கேக்குறாளா, நீங்க கேக்குறீங்களா அத்தான்?"

இன்ஆம் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். அவன் சுத்தியலும் உளியும் எடுத்து, படிக்கட்டோரத் தூணின் மூலையைக் கொத்தினான். சில்லுகள் தேநீரில் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் கம்பி தெரிந்தது. வளையங்களும் தெரிந்தன, நெருக்கமாக, ஒழுங்காக.

"பாத்துக்கிட்டீங்களா? இனிமே வேலைக்கு மட்டும் வரேன். சாப்பிடக் கூப்பிடாதீங்க."

இறங்கிப் போய்விட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலைவரை அந்த வெட்கம் இருந்தது. பிறகுதான் தோன்றியது, எந்தத் தூணைக் கொத்துவது என்று முடிவு செய்தவன் அவன்தானே.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், இரண்டாவது தூணை நான் உடைக்கிறேன். உள்ளே வளையமே இல்லை. மிஸ்பாஹ் தலைகுனிந்து… (இதை எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் பிடிக்காமல் நிறுத்தினேன்.)

இன்னொன்றில், அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் மனைவி மக்லூபாச் சோற்றைப் பானையோடு தட்டில் கவிழ்க்கிறாள், எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம்.

இன்ஆம் இரண்டையும் படித்தாள்.

"ரெண்டுலயும் நீங்கதான் நல்லவரு," என்றாள்.

பிறகு, தாளைத் திருப்பித் தரும்போது சொன்னாள்: "இன்னொன்ன ஒடைச்சா, எனக்குத் தம்பி இல்ல. ஒடைக்காம விட்டா, அது மேல நிக்கிற கூரைக்குக் கீழ தூங்கப்போறது என் பேத்தி. நான் என்ன சொல்லட்டும்?"

அவளுக்கும் சந்தேகம் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

5

நாளை காலை கூரைக்குக் காங்கிரீட் வருகிறது. போட்டுவிட்டால் பிறகு தூணில் கைவைக்க முடியாது. கீழே மிஸ்பாஹ் ஆட்களோடு பேசும் சத்தம் கேட்கிறது. எதற்கோ சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான் என்று எழுத ஆரம்பித்து…

இல்லை. இதற்கு முடிவு எழுத எனக்குத் தகுதியில்லை. நான் எதை எழுதினாலும் அது எனக்குச் சாதகமாகவே முடியும். வெளியாள் நீங்கள், நீங்களே சொல்லுங்கள். கொத்திப் பார்க்காத மூன்று தூண்களையும் நம்பலாம் என்றால், குழந்தையின் தொட்டிலை எந்த அறையில் போடுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.