மூன்றாம் மாடி ஜாம்பி

குரல்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். புத்தகங்களை வாசித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழில். ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு இயந்திரங்களோடு ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். காதில் மாட்டிய கருவியைக் கழற்றவே மாட்டார் என்பதால் அவருக்கு ஹெட்போன் என்று பெயர்.

பேய்க்கதை வாசித்து வாசித்துக் குரல்காரருக்குப் பயம் விட்டுப் போயிருந்தது. அலறல் வந்தால் தொண்டை கட்டும், அவ்வளவுதான். ஜாம்பி கதை என்றால் இன்னும் அலுப்பு. உறுமுவதும் கடிப்பதும் ஓடுவதுமாக எல்லாம் ஒரே அச்சு. அதனால் புதிய கதை ஒன்று வந்திருப்பதாகப் பதிப்பாசிரியர் அம்மா போனில் சொன்னபோது அவருக்குக் கொட்டாவிதான் வந்தது.

"எழுதினது யாரு மேடம்?"

"நகக்கண்னு புனைபெயர். முதல் புத்தகம். ஆளை நாங்களே பாத்ததில்ல, மெயில் மட்டும்தான். கடைசி அத்தியாயங்களை இன்னும் திருத்திக்கிட்டு இருக்காரு. வர வர அனுப்பறோம்."

வாசிக்க ஆரம்பித்த அன்றே கொட்டாவி நின்றுவிட்டது. இந்தக் கதையில் செத்தவர்கள் எழுந்து யாரையும் கடிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனார்கள். சாவியை ஆணியில் மாட்டினார்கள், சாப்பிட உட்கார்ந்தார்கள். தாங்கள் செத்துப்போனது அவர்களுக்கே தெரியாது. வீட்டிலிருப்பவர்களுக்கு மெல்ல மெல்லச் சந்தேகம் வரும். ஒரு குழந்தை தன் அப்பாவின் மூச்சைக் கேட்க அவர் மார்பில் காது வைக்கும் இடத்தில் குரல்காரருக்கு முதுகு சில்லிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"யாருய்யா இந்த ஆளு? பின்னி எடுக்கறான்!" என்று மைக்கை மறந்து சொன்னார்.

கதை மூன்றாம் மாடிக்கு ஏறிய பிறகுதான் வினை. அங்கே குடியிருக்கும் ஒரு புருஷன் செத்தவன். ஆறிப்போன டீயையும் ஊதித்தான் குடிப்பான். துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முகம் துடைப்பான். ஆள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே விளக்கை அணைத்துவிட்டுப் போவான். ஒரு காலில் மட்டும் சாக்ஸை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, இது நீங்கதானே! டீயை ஊதறது, லைட்டை அணைக்கறது... நேத்துகூட என்னை இருட்டுல விட்டுட்டுப் போனீங்களே!"

"சும்மா இருய்யா" என்றார் குரல்காரர். ஆனால் குரல் பிசிறியது. டீயும் விளக்கும் ஹெட்போனுக்குத் தெரியும். துண்டும் சாக்ஸும் எப்படித் தெரியும்? அவருடைய வீடும் மூன்றாம் மாடிதான். அங்கே இருப்பது மூன்றே பேர். அவர், மனைவி, மாமனார். மாமனாருக்குக் காது மந்தம். எந்நேரமும் டேப்லெட்டில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பவர்.

அப்படியானால் மனைவி. அவளே எழுதுகிறாளா, இல்லை எவனிடமோ சொல்லி அவன் எழுதுகிறானா? இரண்டாவது நினைப்பு வந்ததும் சோறு இறங்கவில்லை. பிசியோதெரபி கிளினிக்கில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க யார் யாருடைய முட்டியையோ தோளையோ மடக்கி நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். வீட்டில் போனைப் பார்த்து அவள் சிரித்தால் குரல்காரர் எட்டிப் பார்த்தார். அவள் திரும்பினால் கூரையைப் பார்த்தார். துண்டை முகர்வதை நிறுத்தினார். டீயை ஊதாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு? திருட்டு முழி முழிக்கறீங்க" என்றாள் அவள்.

"ம்" என்றார் அவர்.

அடுத்த அத்தியாயத்தில் அந்தச் செத்தவனும் எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். அவன் மனைவி, தனக்கு வந்திருந்த ஒரு பெரிய பயம் நீங்கிவிட்டதைச் சொல்ல வருகிறாள். அவன் "ம்" என்கிறான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் அழுகிறாள். குரல்காரர் அதை நிம்மதியோடு வாசித்தார். இது நம் வீட்டில் நடக்கவில்லை, இது கற்பனை என்று பிடித்துக்கொண்டார்.

இருந்தாலும் அரிப்பு அடங்கவில்லை. ஒரு பொறி வைக்கத் தீர்மானித்தார். இதுவரை செய்யாத ஒன்றை மனைவி கண்முன்னால் செய்ய வேண்டும். அது கதையில் வந்தால் ஆள் அகப்பட்டாள். ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, பாதி தின்று, மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என்று முடிவு. அன்று மாலை மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தார். கிளினிக்கில் வேலைக்கு ஆள் குறைவு, வர நேரமாகும் என்று அவளிடமிருந்து செய்தி வந்தது. எரிச்சலில், ஒத்திகை பார்த்த கையோடு ரொட்டியைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து போனார். மாமனார் எதிர் நாற்காலியில் டேப்லெட்டைக் குத்திக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

பொறி வீணாய்ப்போயிற்று என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் திருத்திய அத்தியாயம் வந்தது. மைக்குக்கு முன்னால் ஒரு வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார். செத்தவன் பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறான்.

"அண்ணே, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ஹெட்போன்.

குரல்காரர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாமனார் தன் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். குரல்காரர் டேப்லெட்டைக் குனிந்து பார்த்தார். சதுரங்கக் கட்டம் எதுவும் இல்லை. வரி வரியாக எழுத்து.

"நகக்கண் நீங்கதானா மாமா?"

மாமனார் அவசரமாக மூடவில்லை. "ரொட்டிய வச்சுக் கண்டுபுடிச்சீங்களா? எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம். இந்த மனுஷன் இப்படிப் பண்ற ஆளே இல்லையேன்னு. நல்லா இருந்துச்சு, விட மனசு வரல."

"காது கேக்காதுன்னு..."

"சிலதுதான் கேக்காது."

"என் வீட்ல உக்காந்துகிட்டு என்னையே பொணம்னு எழுதறீங்க! நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் பண்ணல மாப்ள." மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பயமா இருந்துச்சு. பகல் பூரா யார் எழுதினதையோ உயிரக் குடுத்துப் பேசறீங்க. வீட்டுக்கு வந்தா உடம்பு மட்டும்தான் வருது. என் பொண்ணு மார்புல ஏதோ கட்டி மாதிரி இருக்குன்னு டெஸ்ட் எடுத்துட்டு வந்தா. பயப்பட ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ஓடி வந்து உங்ககிட்டதான் முதல்ல சொன்னா. நீங்க 'ம்'னீங்க. குழாயத் திறந்து விட்டுட்டு அழுதா. அன்னிக்குத்தான் எழுத உக்காந்தேன்."

குரல்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு துழாவியும் அந்த நாள் அவர் நினைவில் இல்லவே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"கடைசில அவனுக்கு என்ன ஆகுது?" என்று கேட்டார்.

"பொண்டாட்டி அவன வெளிய வச்சுக் கதவப் பூட்டிடறா."

"மாத்த முடியாதா?"

"கதைக்கு அதுதான் சரி" என்றார் மாமனார். "நீங்க வாசிச்சுட்டுப் போங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவா."

குரல்காரர் அதை அப்படியே வாசித்துக் கொடுத்தார். கதவு பூட்டும் இடத்தை மூன்று முறை திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசிப் பார்த்தார். கிளினிக்கில் இன்று யார் வந்தார்கள், கை வலிக்கிறதா, டாக்டர் மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார் என்று கேட்டார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தாள். "எங்கயாவது ஏதாவது பண்ணிட்டு வந்திருக்கீங்களா? என்னைக்கும் இல்லாம எதுக்கு இந்தக் கரிசனம்?" சில நாள் அவருடைய சட்டைகளை அவள் கூர்ந்து பார்த்ததும் அவருக்குத் தெரிந்தது.

ஒலிப்புத்தகம் வெளிவந்து பரபரவென்று ஓடியது. மனைவியும் பஸ்ஸில் போகும்போது கேட்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. நகக்கண் நீங்கதானே?"

"சத்தியமா நான் இல்ல."

"அப்ப அந்தப் பொம்பள அழுதது எப்படித் தெரியும்?" அவள் குரல் இறங்கிவிட்டது. "நீங்க கவனிக்கவே இல்லன்னுதான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் எழுதினீங்களா?"

அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசை. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். எந்தப் பொய்யையும் நம்பும்படி சொல்லத் தெரிந்த குரல் அவருடையது. அடைத்திருந்த மாமனாரின் அறைக் கதவைப் பார்த்தார்.

"நான் பாக்கல" என்றார். "உன் அப்பா பாத்தாரு. எழுதினது அவருதான்."

அவள் எழுந்து அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று குரல்களிலேயே பழகிய அவர் காதுக்கே பிடிபடவில்லை. குரல்காரர் வெளியே நின்று, கதவை இரண்டு முறை தட்டி, "நானும் வரலாமா?" என்று கேட்டார்.