சேர்மன் வந்த நேரம்

எங்கள் தர்மபுரி திரைப்பட விழா வருடா வருடம் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் பிடிப்போம். ஈரான் படமும் ஓடும், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எடுத்ததும் ஓடும்.

இந்த வருடம் என் படமும் இருந்தது. விலை போகாத தக்காளியை ரோட்டில் கொட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கிற ஒரு பெண்ணின் கதை. அவள் வீடு போய்ச் சேர்கிற கடைசிக் காட்சிதான் படமே. ஜெர்மனி விழா ஒன்றுக்குப் படம் தேர்வு செய்கிற தெரசா மேடம் அதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்தார். லிங்க் அனுப்பினால் பார்க்க மாட்டார். ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார். அன்று இரவே பட்டியலை அனுப்ப வேண்டும். படம் முடிந்த கையோடு பொம்மிடியில் ரயில்.

அப்பாவை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தேன். ஆளைக் காணோம். கோபத்தோடுதான் படத்தைப் போட்டேன்.

பாதிப் படம் ஓடியது. மேடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வெளியே சரவெடிச் சத்தம். கதவு திறந்தது, விளக்கெல்லாம் எரிந்தது. நகராட்சி சேர்மன் ஆட்களோடு உள்ளே வந்தார். பக்கத்தில் வேர்த்து வழிய என் அப்பா.

பெரிய மனிதர் வந்தால் ஓடுகிற படத்தை நிறுத்துவதுதான் எங்கள் ஊர் மரியாதை. விழாச் செயலாளர் நவநீதன் அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. வரவேற்புரை, பொன்னாடை, மறுபடி பொன்னாடை. பிறகு சேர்மன் மைக்கைப் பிடித்தார், விடுவேனா என்றார். அவர் பேச்சை எப்படியாவது நிறுத்துங்கள் என்று தூரத்திலிருந்து அப்பாவுக்குக் கையை ஆட்டினேன். அவர் பதிலுக்குச் சிரித்துக் கையாட்டினார்.

தெரசா மேடம் எழுந்து வந்தார். முடிவைப் பார்க்காத படத்தைத் தன்னால் சிபாரிசு செய்ய முடியாது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னார். இன்னும் ஐந்து நிமிடம் என்று கேட்டேன். மைக்கில் சேர்மன் குடிநீர்த் திட்டத்துக்கு வந்திருந்தார். மேடத்தின் கார் போவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அழுகையாக வந்தது.

அப்பா தேடிக்கொண்டு வந்தார்.

"நெதமும் அவரு வூட்டுக்கு நடந்தேன் காவியா. கால்ல வுழாத கொறைதான். உம் படத்தை நாலு பேரு மதிக்கணும்ல?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அந்த மெட்ராஸ் மேடம் என்ன சொன்னாங்க? சேர்மனே வந்தாருன்னு அசந்திருப்பாங்களே?"

"அசந்துட்டாங்கப்பா" என்றேன்.

"அடுத்த வருசம் பாரு" என்றார் அப்பா. "மந்திரியவே கூட்டியாரேன்."