சூடம் அடித்தவன் வயிறு

சுகுமாரன் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிலிம் ரிவர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை அழித்துத் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பைக் கட்டிய பிறகும் அம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் நின்றது. அங்கேதான், எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று மனைவி தினேஸ்வரியின் முன்னால் சத்தியம் செய்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான்.

ஆனால் பாழாய்ப்போன வயிறு மாதத்துக்கு மாதம் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தது. பொய்ச்சத்தியம் செய்தவன் வயிற்றை அம்மன் வீங்க வைப்பாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஒளிந்து குடிக்கிறான் என்று தாமானே தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதையாவது பொறுத்துக்கொண்டான். தினேஸ்வரியும் அதை நம்பியதுதான் அவனைக் கொன்றது. சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள்.

"இன்னொரு தடவ சூடம் அடிக்கிறேன், வா லா."

"மொத தடவ அடிச்சதுக்கே இந்த வயிறு. போதுங்க."

ஒருநாள் வேலையிடத்தில் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷர்மினி வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஸ்கேனுக்கு அனுப்பினார். குடலைத் தாங்கும் சவ்வில் இளநீர்க் காயைவிடப் பெரிய நீர்க்கட்டி, குடலை நெருக்கிக்கொண்டிருந்தது. லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். மறுநாளே வயிற்றைத் திறந்து, கட்டியை உடையாமல் முழுசாக எடுத்துவிட்டார். அந்தக் கைகளுக்குக் கோடிப் புண்ணியம்!

மூன்றாம் நாள் காலை டாக்டர் கட்டிலருகே வந்தபோது, தினேஸ்வரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"டாக்டர், இது குடியால வந்ததா?"

"இல்லக்கா. குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பல வருஷமா மெதுவா வளர்ந்திருக்கு. அண்ணனோட ஈரலும் நல்லாதான் இருக்கு. ரத்த டெஸ்ட்லயும் குடிச்ச அடையாளம் ஒண்ணும் இல்ல."

சுகுமாரனுக்கு உயிர் பிழைத்ததுகூட அந்த நேரத்தில் பெரிதாகப் படவில்லை. தையல் இழுக்க இழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். அத இன்னொரு தடவ இவகிட்ட சொல்லுங்க."

டாக்டர் வாய் திறக்குமுன் தினேஸ்வரி குறுக்கிட்டாள்.

"வேணாம் டாக்டர். இவரு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு. நாந்தான் கேக்கல," என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.